30 லட்சத்தில் ஒரு கடலூர்ப் படம்: பணம் யாரிடம், நடிப்பது யார், எடுப்பது எந்த மாதம்?

ஒரு கதையையும் ஒரு தொகையையும் முதலில் வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் பேச்சு பொத்தாம்பொதுவாகப் போய்விடும். தேவனாம்பட்டினத்தில் ஒரு மீனவக் குடும்பம். மூத்த மகள் பாண்டியில் ஓட்டல் வேலைக்குப் போகிறாள், தம்பி பள்ளிக்கூடம் போகிறான், கதை பாதி நேரம் கடலூர் - பாண்டி பஸ்ஸிலேயே நடக்கிறது. ஸ்டார் இல்லை, பாட்டு இல்லை, 95 நிமிடம். பட்ஜெட் 30 லட்சம்.

30 எப்படி வருகிறது என்றால், படப்பிடிப்பு 24 நாள், நாளுக்கு 55 ஆயிரம். சாப்பாடு, தங்கல், வண்டி, கேமரா - லைட் வாடகை, நடிப்பவர்களின் தினச் சம்பளம், பேட்டா எல்லாம் இதில் அடக்கம், ஆக 13 லட்சத்து 20 ஆயிரம். ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர், உதவி இயக்குநர்கள், கலை, உடை ஆட்களுக்கு மொத்தமாகப் பேசி முடிப்பது 6 லட்சம். எடிட்டிங், சவுண்ட் மிக்சிங், டி.ஐ. (படத்தின் நிறத்தைச் சரிசெய்வது), பின்னணி இசைக்கு இன்னொரு 6. சென்சார், டி.சி.பி. (தியேட்டரில் ஓட்டும் டிஜிட்டல் பிரதி), சப்டைட்டில், திரைப்பட விழா விண்ணப்பங்களுக்கு 1 லட்சத்து 30 ஆயிரம். மிச்சம் மூன்றரை லட்சம் கையிருப்பு, அதைத் தொடக் கூடாது, ஆனால் தொடுவீர்கள். இது நான் போட்ட கணக்கு, உங்கள் கதைக்கு மாறும். இயக்குநர் சம்பளம் எங்கே என்று தேட வேண்டாம், இல்லை.

இந்தத் தொகையைத் தேடக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் முதலில் 'தயாரிப்பாளர் யார்' என்றுதான் அலைகிறார்கள். நான் தலைகீழாகப் போகச் சொல்வேன். யார் நடிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள். அது முடிவானால் எந்த மாதம் எடுப்பது என்பது தானாக வந்துவிடும், டப்பிங்கா லைவ் சவுண்டா (எடுக்கும்போதே குரலைப் பதிவது) என்பதும் வந்துவிடும், அதற்கு அப்புறம்தான் எந்தப் பணம் இந்தப் படத்துக்குப் பொருந்தும் என்று தெரியும். ஆனாலும் எல்லோருக்கும் பணம்தான் முதல் கவலை என்பதால் அதையே முதலில் பார்த்துவிடலாம்.

பணம்

சொந்தக் காசு அல்லது கடன். வீட்டுப் பத்திரம், நகை, பி.எஃப்., மச்சானிடம் கைமாற்று. இதில் இருக்கிற ஒரே சுகம், கதையில் யாரும் கை வைக்க மாட்டார்கள். செழியன் 'டூலெட்' படத்தை அப்படித்தான் வீட்டுக்குள்ளேயே முடித்தார், தயாரிப்பாளர் அவர் மனைவி. 2017-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் அதுதான், ஆனால் தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். விருது வாங்கிய படத்துக்கே அவ்வளவு காத்திருப்பு. இப்போது கடன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 15 லட்சத்தை நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 30 ஆயிரம், இரண்டு வருடத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். மேலே சொன்ன எடிட்டிங், இசை எல்லாவற்றையும் விட அதிகம். சேமிப்புப் பணம் என்றால் சரி, அது உங்கள் இஷ்டம். வட்டிப் பணத்தில் இந்த மாதிரிப் படம் எடுக்கக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை, ஏனென்றால் இந்த வகைப் படத்துக்குப் பணம் திரும்பி வரும் தேதியை யாராலும் சொல்ல முடியாது.

சென்னைத் தயாரிப்பாளர். கிடைத்தால் பாதிச் சுமை குறையும், மறுப்பதற்கில்லை. ஆனால் புது இயக்குநரிடம் சின்னத் தயாரிப்பாளர் பேசுகிற பேச்சு பெரும்பாலும் ஃபர்ஸ்ட் காப்பியில்தான் போய் முடியும். அதாவது ஒரு தொகையைத் தருவார், அதற்குள் முழுப் படத்தையும் முடித்து முதல் பிரதியை அவர் கையில் கொடுக்க வேண்டும், மிஞ்சினால் உங்களுக்கு, துண்டு விழுந்தால் அதுவும் உங்கள் தலையில். லாபம் வந்தால் அவருக்கு, மழை வந்தால் உங்களுக்கு என்று படிக்கலாம். பணத்தை ஒரே தவணையில் யாரும் தர மாட்டார்கள். இரண்டாவது தவணை தாமதமானால் படப்பிடிப்பு நிற்கும், நின்ற நாளுக்கும் சாப்பாட்டுச் செலவு ஓடும். அப்புறம் கதை. "ஒரு காமெடி டிராக் வைக்கலாமே, ஒரு பாட்டு வைக்கலாமே, அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்ச முகமா போடலாமே" என்று ஆரம்பிப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, விற்கப் போவது அவர். நம் கதைக்கு அது ஒத்துவருமா என்பதுதான் கேள்வி. என் கணக்கில் ஒத்துவராது.

ஊர்கூடித் தேர் இழுப்பது. கிரவுட்ஃபண்டிங் என்றதும் எல்லோரும் 'மந்தன்' படத்தைச் சொல்வார்கள், 1976-ல் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் போட்டு எடுத்த படம். அழகான விஷயம்தான். ஆனால் அந்த 5 லட்சம் பேரும் முன்பே ஒரு கூட்டுறவு அமைப்பில் உறுப்பினர்கள், பணம் திரட்ட வலைப்பின்னல் தயாராக இருந்தது, யாரும் வீதியில் போய்த் துண்டேந்தவில்லை. வீதியில் போனது ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா குழுவும். கேரளத்தில் ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் வசூல் பண்ணி, 1986-ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். அதற்குப் பின்னால் ஓர் இயக்கமே இருந்தது. நம்மிடம் என்ன இருக்கிறது? பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குரூப், சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிற நண்பர்கள், கல்லூரியில் நாடகம் போட்ட செட். இதில் இரண்டு மூன்று லட்சம் தேறலாம். 30 தேறாது.

தேறினாலும் அதில் இரண்டு வில்லங்கம் உண்டு, இதை யாரும் போஸ்டரில் போடுவதில்லை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் அன்பளிப்பாக வரும் பணம் மொத்தம் 50 ஆயிரத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமில்லை, முழுத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்பட்டு வரிக்கு உட்படும். சரி, அன்பளிப்பு வேண்டாம், "போட்ட காசுக்கு லாபத்தோடு திருப்பித் தருகிறேன்" என்று முகநூலில் பொதுவாக அறிவித்தால், அது இன்னும் மோசமான இடத்துக்குக் கொண்டுபோகும். பொதுமக்களிடம் டெபாசிட் திரட்டுவதைப் பற்றி 2019-ல் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது, தமிழ்நாட்டில் 1997-லிருந்தே முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சீட்டுக் கம்பெனிகளை மனதில் வைத்துக் கொண்டுவந்த சட்டங்கள்தான், ஆனாலும் படம் நின்றுபோய்ப் பத்துப் பேர் ஸ்டேஷனுக்குப் போனால் நீங்கள் சினிமாக்காரரா சீட்டுக்காரரா என்று அங்கே யாரும் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். ஒரு ஆடிட்டருக்குக் கொடுக்கும் ஃபீஸ் இந்த இடத்தில் வீண் செலவு கிடையாது.

வெளிநாட்டு நிதி, அரசு மானியம். ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி கதை வளர்ச்சிக்கு 10 ஆயிரம் யூரோ தருகிறது. நம் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பட்ஜெட். கோவைக்காரரான அருண் கார்த்திக்கின் 'நசீர்' அந்த நிதி வாங்கிய படம், 2020-ல் அதே ராட்டர்டாமில் ஆசியப் படங்களுக்கான நெட்பேக் விருதும் வாங்கியது. எனவே எட்டாக்கனி கிடையாது. ஆனால் உலகம் முழுக்க எழுதிப் போடுகிற போட்டி, ஆங்கிலத்தில் திரைக்கதை, இயக்குநர் குறிப்பு, தயாரிப்புத் திட்டம் எல்லாம் வேண்டும். எழுதிப் போடுங்கள், கிடைத்தால் கொண்டாடுங்கள், அதை நம்பி யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

பாண்டியில் இதைப் பேசினால் உடனே ஒருத்தர் "பிரெஞ்சு கவர்ன்மென்ட் காசு தருமே" என்பார். தரும், பிரான்சின் தேசியத் திரைப்பட மையத்தில் உலக சினிமாவுக்கென்றே ஒரு உதவித் திட்டம் இருக்கிறது, இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் கூட்டுத் தயாரிப்பு ஒப்பந்தமும் இருக்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் பிரான்சில் பதிவான ஒரு தயாரிப்பு நிறுவனம் கூட்டாளியாக நிற்க வேண்டும். சொல்தா (பிரெஞ்சு ராணுவ) பென்ஷன் வாங்கும் மாமாவும், பாரிசில் இருக்கிற அத்தை மகனும் தயாரிப்பு நிறுவனம் ஆக மாட்டார்கள். அந்தக் கூட்டாளியைத் தேடுகிற இடம் கோவாவில் நவம்பரில் நடக்கும் ஃபிலிம் பஜார் என்ற திரைப்படச் சந்தை, அதுவும் கையில் கொஞ்சம் எடுத்த காட்சி இருந்தால் பேச்சு சுலபம்.

தமிழக அரசு தரமான குறைந்த செலவுப் படங்களுக்கு 7 லட்சம் மானியம் என்று வைத்திருக்கிறது. படம் முடிந்து, தேர்வுக் குழு பார்த்து, அரசாணை வந்து, அப்புறம் வரும் பணம். அரசின் வேகம் எப்படி என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: 2009 முதல் 2014 வரையிலான மாநிலத் திரைப்பட விருதுகளை 2017-ல் அறிவித்து 2022-ல்தான் கையில் கொடுத்தார்கள். புதுச்சேரி அரசு தன் பங்குக்கு, நவதர்சன் திரைப்படக் கழகம், அலியான்ஸ் பிரான்சேஸோடு சேர்ந்து நடத்தும் விழாவில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் ஒரு விருது தருகிறது. அந்த நாடகத் தலைமை ஆசிரியர் 1922-ல் இறந்தது இதே புதுச்சேரியில்தான். பெருமையான விருது. ஆனால் இந்த இரண்டையுமே வரவுப் பக்கத்தில் எழுதாதீர்கள்.

கடைசியாக, நான் தேர்ந்தெடுப்பது: தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு எல்.எல்.பி., அதாவது பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம். இரண்டு பேர் இருந்தாலே தொடங்கலாம், மேலே எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, போட்ட பணத்துக்கு மேல் யாருக்கும் பொறுப்பு வராது. பணம் போடுகிறவர்கள் கடன் கொடுத்தவர்களாக இல்லாமல் பங்குதாரர்களாக இருப்பதால் மேலே சொன்ன டெபாசிட் தலைவலி இல்லை. இதில் எனக்குப் பிடித்த அம்சம் வேறு. பங்கைப் பணமாகத்தான் போட வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, பொருளாகவும் உழைப்பாகவும் போடலாம், அதன் மதிப்பை ஒரு ஆடிட்டரிடம் கணக்கிட்டு வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும். கடலூர் - பாண்டி ரூட்டில் தனியார் பஸ் ஓட்டுகிற ஒருத்தர் ஸ்பேர் பஸ்ஸை ஆறு நாள் தந்தால் அது அவர் பங்கு. திருப்பாதிரிப்புலியூரில் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர் முகூர்த்தம் இல்லாத நாட்களில் யூனிட்டைத் தங்க வைத்தால் அது அவர் பங்கு. பண்ருட்டி முந்திரி வியாபாரி ரொக்கமாக 3 லட்சம் போடலாம். சென்னைத் தயாரிப்பாளரிடம் இதெல்லாம் செலவு, இங்கே முதலீடு. 30 லட்சத்தில் ஏழெட்டு லட்சம் இப்படிப் பொருளாகவே வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

குறை இல்லாமலா? பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு கருத்து இருக்கும், அதில் ஒருத்தருக்கு நடிக்க ஆசை இருக்கும், இன்னொருத்தருக்குத் தன் மகனை நடிக்க வைக்க ஆசை. ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: கதை, நடிகர் தேர்வு, ஃபைனல் கட் (எடிட்டில் கடைசி முடிவு) இயக்குநருடையது, கணக்கை மாதம் ஒரு முறை எல்லோரும் பார்க்கலாம், யாருக்கும் படத்தில் வேஷம் கிடையாது. கடைசி வரியைப் படித்துச் சிரிப்பார்கள். கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

யார் நடிப்பது

தெரிந்த முகம் ஒன்று, மூன்று நாள் கால்ஷீட், போஸ்டரில் பெரிதாகப் போடலாம் என்பது பலரும் சொல்கிற வழி. சின்னப் படத்துக்கு அது விற்க உதவும் என்பது உண்மை. ஆனால் அவர் தேதி மாறினால் உங்கள் 24 நாளும் மாறும், அதுவும் "நட்புக்காகப் பண்ணுகிறேன்" என்று சம்பளம் வாங்காமல் வருகிறவரிடம் தேதியைப் பற்றிக் கறாராகப் பேசவே முடியாது. கேரவன், மேக்கப் மேன், அசிஸ்டென்ட் என்று அவரோடு வரும் செலவு தனி. இந்தக் கதைக்கு வேண்டாம்.

அடுத்தது நாடகக்காரர்கள். இந்தப் பக்கத்துக்கு இதில் பெரிய அதிர்ஷ்டம் உண்டு, ஊர்க்காரர்களே பல பேர் அதை உணர்வதில்லை. காலாப்பட்டு பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது, ஆரோவில் பக்கம் ஆதிசக்தி, ஊருக்குள் இண்டியனாஸ்ட்ரம் என்று நாடகக் குழுக்கள். பயிற்சி பெற்ற நடிகைகள் கிடைப்பதுதான் சின்னப் படத்தில் எப்போதும் சிக்கல், அது இங்கே அவ்வளவு இல்லை. அவர்களோடு கூத்துக் கலைஞர்கள், கடலூர் - விழுப்புரம் பகுதியில் குறைவே இல்லை. கூத்துக்காரர்களை எடுத்தால் ஒரு பத்து நாள் கேமரா முன் உட்கார வைத்துப் பழக்க வேண்டும், விடிய விடிய மைதானத்துக்குக் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகிய குரல், க்ளோஸப்பில் அந்தக் குரலும் புருவமும் கொஞ்சம் இறங்கி வர வேண்டும். இறங்கி வந்துவிட்டால் அவர்கள் முகத்துக்கு ஈடு கிடையாது.

மூன்றாவது அந்த இடத்து மக்களே. 2021-ல் ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய 'கூழாங்கல்' படத்துக்கு அப்புறம் எல்லோருக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. வரட்டும். ஆனால் இது மலிவான வழி என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். சம்பளம் குறைவாக இருக்கலாம், நாள் அதிகமாகும். நான்கு நாள் ஷூட்டிங் முடிந்து ஐந்தாம் நாள் மீசையை எடுத்துவிட்டு வந்து நிற்பார், தங்கச்சி வீட்டுக் காதுகுத்து என்பார். கடலுக்குப் போனால் அன்று என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல் தினக்கூலி கொடுத்தால்தான் அவரை நிற்கச் சொல்ல உங்களுக்கு உரிமை.

பள்ளிச் சிறுவனுக்கு மட்டும் தனிச் சட்டம். குழந்தைத் தொழிலாளர் விதிகள் 2017-ல் திருத்தப்பட்டபோது நடிப்புக்கென்றே சில நிபந்தனைகள் போட்டார்கள்: மாவட்ட ஆட்சியரிடம் முன் அனுமதி, ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது, சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அவன் பெயரில் நிரந்தர வைப்பு. படப்பிடிப்பு நடக்கிற மாவட்டத்து ஆட்சியர் என்பதால், அவனைப் பாண்டிக்குள் கொண்டுபோனால் அங்கேயும் ஒரு முறை அனுமதி. எனவே தம்பி வருகிற காட்சிகளை எல்லாம் பெண்ணையாற்றுக்கு இந்தப் பக்கமே வைத்து எழுதிவிடலாம், கதைக்கு ஒன்றும் குறையாது.

ஆக என் முடிவு: அப்பா, தம்பி ஊர்க்காரர்கள். அம்மா, அக்கா பாண்டி நாடக நடிகைகள். கந்துவட்டிக்காரர், சங்கத் தலைவர் மாதிரியான அழுத்தமான சின்ன வேடங்கள் கூத்துக் கலைஞர்களுக்கு.

எந்த மாதம்

இங்கேதான் எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில், ஆட்கள் கையில் நேரம். பள்ளிக்கும் மே மாதம் விடுமுறை. அப்பாவும் தம்பியும் ஒரே நேரத்தில் முழுதாகக் கிடைப்பது வருடத்தில் இந்த ஒரு மாதம்தான், படகைக் கரையில் வைத்து எடுக்க வாடகையும் குறைத்துப் பேசலாம். ஆனால் கூத்துக் கலைஞர்களுக்கு இதுதான் சீசன். பங்குனியில் பிடித்தால் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம், ராத்திரி முழுக்க ஆடிவிட்டுப் பகலில் தூங்குகிறவரைக் காலை ஆறு மணிக்கு வரச் சொல்வது பாவம். போதாக்குறைக்கு அக்னி நட்சத்திரம். காலை ஐந்தரைக்கு ஆரம்பித்துப் பத்து மணிக்கு நிறுத்தி, மறுபடி மூன்றரைக்கு மேல்தான் எடுக்க முடியும், நடுப்பகல் வெளிச்சம் முகத்தில் பள்ளம் விழ வைக்கும். கோயில் திருவிழா ஒலிபெருக்கி வேறு.

மார்கழிக்கு வேறு ஒரு வசதி. கல்யாணம் இல்லாத மாதம், எனவே கடலூர், பாண்டி கல்யாண வீடியோக்காரர்கள் சும்மா இருப்பார்கள். அவர்களிடம் நல்ல மிரர்லெஸ் கேமரா, கிம்பல், லைட், ட்ரோன் எல்லாம் இருக்கிறது, சென்னையிலிருந்து அவுட்டோர் யூனிட் இறக்குவதோடு ஒப்பிட்டால் பாதி வாடகைக்குப் பேசலாம். மண்டபமும் காலி. ஆனால் வடகிழக்குப் பருவமழை சில வருடம் டிசம்பர் கடைசி வரை இழுக்கும், தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரை கடந்தது 2011 டிசம்பர் 30. முந்திரிக் காடும் பலா மரமும் போன அந்த வாரத்தை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. மூன்றரை லட்சம் கையிருப்பு வைத்திருக்கிற யூனிட் ஒரு புயலைத் தாங்காது.

மாசியில், அதாவது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடு வரை, மழையும் இல்லை, சூடும் இல்லை, கூத்துக்காரர்களும் ஓரளவுக்குக் கிடைப்பார்கள். பையனுக்குப் பரீட்சை, கேமரா வாடகை கல்யாண சீசன் விலை.

அதனால் இரண்டாகப் பிரிக்கலாம். மாசியில் 11 நாள்: பாண்டி ஓட்டல், பஸ், கூத்துக் கலைஞர்கள் வருகிற காட்சிகள், படகு கடலில் போகிற காட்சி. மே மாதம் 13 நாள்: வீடு, கரை, அப்பா - தம்பி. நடுவில் கிடைக்கும் இரண்டு மாதத்தில் எடுத்தவரை எடிட் பண்ணிப் பங்குதாரர்களுக்குக் காட்டலாம், இரண்டாவது தவணையைக் கேட்க வெறும் பேச்சை விட இருபது நிமிடக் காட்சி உதவும். கண்டின்யூட்டிக்கு அக்கா, அம்மா இருவரும் இரண்டு மாதம் முடி வெட்டாமல் இருந்தால் போதும், அது நாடக நடிகைகளுக்குச் சொன்னால் புரியும்.

டப்பிங்கா, லைவ் சவுண்டா? நடிகர்களை முடிவு பண்ணியபோதே இதுவும் முடிவாகிவிட்டது. படகோட்டுகிற மனிதரைச் சென்னையில் ஒரு இருட்டறைக்குள் நிற்க வைத்துத் தன் உதட்டுக்குத் தானே பேசச் சொன்னால் அவர் வேறு ஆளாகிவிடுவார், வேறு யாரையாவது பேச வைத்தால் தேவனாம்பட்டினத்துப் பேச்சு போய்விடும். எனவே லைவ் சவுண்ட். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று தூக்கும், மைக்கில் அதுதான் முதலில் விழும், ஆகவே கரையில் வசனக் காட்சி எல்லாம் காலையில், வசனம் இல்லாதது சாயங்காலம். நல்ல ஒலிப்பதிவாளருக்கு ஒளிப்பதிவாளருக்கு நிகராகக் கொடுங்கள். கேமரா எது என்று மூன்று மாதம் யூடியூப் பார்ப்பது வீண்வேலை, கிடைக்கிற வாடகைக்கு எது வந்தாலும் போதும்.

எல்லை தாண்டுகிற சங்கடங்கள்

இரண்டு ஊருக்கும் நடுவே 25 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் இரண்டு அரசாங்கம். கடலூரில் காவல் துறை, மாநகராட்சி என்று ஒரு சுற்று, பாண்டியில் அதே மாதிரி இன்னொரு சுற்று. பாண்டியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனில் எடுத்தால் அழகாக இருக்கும், எல்லோரும் அங்கேதான் எடுக்கிறார்கள், கட்டணமும் கூட்டமும் அதற்கேற்ற மாதிரி. ஓட்டலில் வேலை பார்க்கிற பெண்ணின் கதைக்கு ஓட்டலின் பின்வாசலும் பஸ் ஸ்டாண்டும்தான் வேண்டும், மஞ்சள் சுவர் வேண்டாம். யூனிட்டைக் கடலூரிலேயே தங்க வையுங்கள், சனி ஞாயிறில் பெங்களூர்க்காரர்களும் சென்னைக்காரர்களும் வந்து பாண்டி ரூம் வாடகையை எங்கேயோ கொண்டுபோய் விடுவார்கள். வாடகை வேனுக்கும் ஜெனரேட்டர் வண்டிக்கும் பாண்டிக்குள் போகப் பர்மிட் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் யூனிட் ஆட்கள் திரும்பி வரும்போது பையில் என்ன இருக்கிறது என்பது ஆல்பேட்டை செக்போஸ்ட்டுக்கு ரொம்ப முக்கியமான விஷயம், ஒரு குவார்ட்டருக்காக ஒரு நாள் படப்பிடிப்பு போவது நியாயமே இல்லை.

கதையில் நாய், ஆடு ஏதாவது நடித்தால் விலங்குகள் நல வாரியத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அந்த அலுவலகம் இப்போது ஹரியானாவில் இருக்கிறது, அந்தத் தடையில்லாச் சான்று இல்லாமல் சென்சார் நகராது. முடிந்தால் ஆட்டை வெட்டிவிடுங்கள், திரைக்கதையிலிருந்து சொல்கிறேன்.

யூனியன் விஷயத்தையும் மறைத்து வைக்காதீர்கள். பெஃப்சி (சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு) உறுப்பினரான ஒளிப்பதிவாளரை எடுத்தால் மற்ற பிரிவுகளிலும் உறுப்பினர்களை எடுக்கச் சொல்லிப் பேச்சு வரலாம். நடுவில் வருவதை விட முன்பே போய்ப் பேசி, சின்னப் படம், இவ்வளவுதான் பட்ஜெட் என்று சொல்லிவிடுவது நல்லது.

எடுத்த பிறகு

மே கடைசியில் முடித்தால் செப்டம்பரில் ஒரு ரஃப் கட் (முதல்கட்ட எடிட்) கையில் இருக்கும். அதை வைத்து ஃபிலிம் பஜாரில் இன்னும் வேலை முடியாத படங்களுக்கென்று இருக்கும் பிரிவுக்கு எழுதிப் போடலாம், மிக்சிங்குக்கும் டி.ஐ.க்கும் பணம் குறைந்தால் அங்கே யாராவது கிடைக்கலாம். நேராகத் தியேட்டருக்குப் போகலாமா என்றால், டிஜிட்டல் திரையிடல் கட்டணம், போஸ்டர், விளம்பரம் என்று படம் எடுத்த செலவில் பாதி ஆகும், வெள்ளிக்கிழமை காலைக் காட்சி கொடுத்துத் திங்கட்கிழமை தூக்கிவிடுவார்கள். முதலில் விழாக்கள், ஒரு வருடம். பெரிய விழாக்கள் முதல் திரையிடலைக் கேட்பார்கள், எனவே ஆசைப்பட்டு உள்ளூர்ச் சின்ன விழாவில் முதலில் போட்டுவிடாதீர்கள். கோவா சர்வதேச விழாவின் இந்தியன் பனோரமா பிரிவுக்குக் கதைப்படம் 70 நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டும், நம் 95 அதில் தாராளமாக வரும். தேசிய விருதுக்குச் சென்சார் சான்றிதழ் கட்டாயம். ஓடிடி பேச்சு வந்தால் கதை உரிமை, இசை உரிமை, நடித்த ஒவ்வொருவரின் சம்மதக் கடிதம் எல்லாம் கேட்பார்கள், கடற்கரையில் ஒரு வரி பேசிய பாட்டியிடமும் அன்றைக்கே வாங்கி வையுங்கள், ஒரு வருடம் கழித்துத் தேடிப் போவது கஷ்டம்.

பங்குதாரர்கள் "நம்ம ஊர்ல எப்ப போடுவே" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மேலே சொன்ன ஒப்பந்தத்தில் அதற்கும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: முதல் விழாத் திரையிடல் முடிந்து, சென்சார் சான்றிதழ் வந்த பிறகு, கடலூரில் ஒரு தியேட்டரில் ஒரு காட்சியை வாடகைக்கு எடுத்துப் போடுவது, செலவு எல்.எல்.பி. கணக்கில்.